வீழ்ந்தவர்கள் எங்கே?

சென்ற கோடை விடுமுறையில் விழுப்புரத்திலிருந்து என் பேரன் திண்டிவனத்திலுள்ள எங்கள் வீட்டிற்கு வந்திருந்தான். பதின்மூன்று வயதுச் சிறுவன். ஓவியத்தில் நாட்டம் உடையவன். வந்த நாள் முதல் கூடத்துத் தரையில் பெரிய வரைதாளை விரித்துக்கொண்டு, காலையும் மாலையும் ஒரே படத்தை வரைந்துகொண்டிருந்தான். மலைமேல் ஒரு கோட்டை. அதன்மீது நெருப்புமிழும் பறவைநாகம். கீழே எதிரெதிரே இரண்டு படைகள். இடையில் ஒளி வீசும் வாளுடன் ஒரு வீரன். இணையத்தின் வழியே பல நாட்டவர் ஒன்றுகூடி ஆடும் கற்பனைப் போர் விளையாட்டில் தான் கலந்துகொண்ட போர் அது என்றான். நடுவில் நிற்கும் வீரன் வேறு யாருமல்லன். விளையாட்டில் அவன் புனைந்துகொண்ட வேடமே அது.

படம் நன்றாகவே இருந்தது. கவசத்தின் மடிப்பும் குதிரையின் பிடரியும் கண்ணில் நிற்கும்படி வந்திருந்தன. ஆயினும் ஏதோ ஒன்று குறைவது போல எனக்குத் தோன்றியது. நெடுநேரம் பார்த்த பின்னரே அது என்னவென்று புலப்பட்டது. ஆயிரம் பேர் மோதும் அக்களத்தில் ஒருவர் கூட வீழ்ந்து கிடக்கவில்லை.

"வீழ்ந்தவர்கள் எங்கே?" என்று கேட்டேன்.

"அவர்கள் மறைந்துவிடுவார்கள் தாத்தா. பத்து விநாடியில் கோட்டை வாசலில் மறுபடியும் வந்து நிற்பார்கள்" என்றான், இது கூடத் தெரியாதா என்னும் குரலில்.

அவன் பொய் சொல்லவில்லை. விளையாட்டில் கண்டதையே வரைந்திருந்தான். ஆனால் அந்த விடை என்னை விட்டு அகலவில்லை. போரைப் படமாக்கும் பழக்கம் இன்று தோன்றியதன்று. நாங்கள் வாழும் இந்த நடுநாட்டு மண்ணும் அதனைச் சூழ்ந்த தொண்டை நாடும் கல்லிலும் சுவரிலும் பாட்டிலும் வெறும் மண்ணிலும் போர்க்களங்களை வரைந்து வந்திருக்கின்றன. அப்படங்களில் வீழ்ந்தவர்களுக்கு என்ன இடம் தரப்பட்டது என்று எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

பூ வேலான கதை

கற்பனைப் போர் என்பது மேலைநாட்டாரின் தனிச்சொத்து என்று எண்ணுவார் உளர். திண்டிவனத்தார் அவ்வாறு எண்ண வேண்டியதில்லை. ஊரை ஒட்டியுள்ள கிடங்கல், சங்கப் பாடலில் கிடங்கில் என வழங்கப்பெற்ற பேரூர். ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் ஊர்களுள் ஒன்று. அவனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்னும் ஊர்களின் வழியாகப் பாணனை ஆற்றுப்படுத்துகிறது. இவற்றுள் வேலூருக்கு உரை எழுதும் நச்சினார்க்கினியர் ஒரு கதையைக் குறிப்பிடுகிறார். பகைவரின் பெருக்கத்தைக் கண்டு அஞ்சிய நல்லியக்கோடன் முருகனை வழிபட்டான். கேணியில் பூத்த பூவை எடுத்துப் பகைவர்மேல் எறிக என்று முருகன் கனவில் கூறினான். அப்பூ முருகனின் அருளால் வேலாயிற்று. என் பேரனின் படத்திலுள்ள ஒளிவாளுக்கு இந்தப் பூவேல் எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

பின்வந்த பரணி இலக்கியமோ கற்பனையின் உச்சி. முதற்குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாடிய செயங்கொண்டார், போரை நேரே சொல்லாமல் பேயின் வாயால் காளிக்குச் சொல்ல வைத்தார். போர் முடிந்த களத்தில் பேய்கள் உலை வைத்துக் கூழ் சமைக்கின்றன; அது தம்முள் பங்கிட்டு உண்ணப்படுகிறது. அருவருப்பும் நகைச்சுவையும் கலந்த இப்பகுதியைப் படிக்கும்போது ஓர் உண்மை உறைக்கிறது. வென்றவனைப் பாட வந்த புலவரும் பிணங்களை மறைக்கவில்லை. மறைக்க முடியாதவற்றைப் பேய்களின் கையில் ஒப்படைத்தார்.

கல்லில் நின்றவர்கள்

வெற்றியாளரைப் புறத்தே நிறுத்தி, வீழ்ந்தவனை மட்டுமே வரைந்த கலை நடுகல். போரில் இறந்த வீரனுக்குக் கல்லெடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாக வகுத்துரைக்கிறது. தக்க கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதில் முடியும் இந்த ஒழுங்கு, ஓர் உயிரின் இழப்பை ஊரார் எவ்வளவு பொறுமையோடு ஏற்றனர் என்பதைக் காட்டுகிறது.

தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழிப் பொறிப்புடைய நடுகற்களில் எழுத்து மட்டுமே உண்டு, உருவம் இல்லை. வீரனை உருவமாகச் செதுக்கும் கலை பின்னரே வளர்ந்தது. அது செழித்து விளங்கிய நிலம் நமக்கு அண்மையிலுள்ள செங்கம் பகுதி. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூல் அவற்றை அறிஞர் உலகின் பார்வைக்குக் கொண்டு வந்தது. அக்கற்களில் பெரும்பாலானவை பல்லவர் காலத்தவை. அவற்றின் அமைப்பு எளிது. ஒரு கையில் வில்லோ கேடயமோ, மறு கையில் வாளோ குறுவாளோ ஏந்தி, ஒரு கால் முன்வைத்துப் பாயும் நிலையில் வீரன் நிற்பான். பல கற்களில் அவன் உடலில் அம்புகள் தைத்திருக்கும். பகைவனின் உருவம் பெரும்பாலும் இராது. ஆநிரை மீட்கும் பூசலாயின் காலடியில் மாடு நிற்கும்.

இத்தகைய கற்களில் அரசனின் பெயர் காலத்தைக் குறிப்பதற்காகவே வருகிறது. இன்ன மன்னனின் இத்தனையாம் ஆட்சியாண்டு என்று தொடங்கி, இன்ன ஊரில் இன்னாரின் சேவகன் இன்னான், தொறு மீட்டுப் பட்டான் என்று முடிகிறது. பேரரசன் காலக்கணக்காகவும், மாடு மீட்கச் சென்ற எளியவன் காவியத் தலைவனாகவும் மாறிவிடும் விந்தையை இங்கன்றி வேறெங்கும் நான் கண்டதில்லை.

இவற்றுள் என் நெஞ்சை மிகவும் கவர்ந்தது எடுத்தனூர் நடுகல். முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. கருந்தேவகத்தி என்னும் வீரன் இறந்துபட்டதைச் சொல்லும் அக்கல்லில் அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துத் தலைவனுடன் நின்ற செய்தியைக் கல்வெட்டே கூறுகிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் நடந்த பூசலில் நின்ற நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. உலகப் பெரும்போர்கள் பலவற்றில் மடிந்த மனிதர்களுக்கும் கிட்டாத பேறு இது.

இதனைப் பேரனிடம் சொன்னபோது முதன்முறையாகத் தூரிகையைக் கீழே வைத்தான். "நாய்க்குமா?" என்று கேட்டான்.

சுவரில் வென்றவர்கள்

அரண்மனைகளும் அரசர் எடுத்த கோயில்களும் போரை வரைந்த முறை வேறு. இரண்டாம் நந்திவர்மன் எட்டாம் நூற்றாண்டில் எடுப்பித்த காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுற்று மதிலில் பல்லவர் வரலாறு வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளது. இளஞ்சிறுவனாக அழைத்து வரப்பட்ட நந்திவர்மன் முடிசூடிய நிகழ்ச்சிகளும், யானையும் குதிரையும் காலாட்படையும் மோதும் போர்க்காட்சிகளும் அதில் இடம்பெறுகின்றன. அறிஞர் சி. மீனாட்சி அவற்றை ஆராய்ந்து எழுதிய நூல் 1941-இல் வெளிவந்தது. அக்கல் மதிலின் முன் நடப்பவர் ஓர் அரச மரபின் உரிமைச் சான்றைப் படித்துக்கொண்டு நடக்கிறார் எனலாம். அங்கே படைவீரனுக்கு முகம் உண்டு; பெயர் இல்லை.

இதே போக்கின் பெரிய எடுத்துக்காட்டு சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையில் உள்ளது. 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஐதர் அலியும் திப்பு சுல்தானும் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை முறியடித்தனர். வெற்றியின் நினைவாகத் திப்பு தம் மாளிகைச் சுவரில் அப்போரை வரையச் செய்தார். ஆங்கிலப் படை சதுரமாக அணிவகுத்துச் சிக்கி நிற்கிறது. நடுவே வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. காயமுற்ற பெய்லி பல்லக்கில் அமர்ந்திருக்கிறார். சுற்றிலும் மைசூர்க் குதிரைப்படை வெள்ளமெனப் பாய்கிறது. வெட்டுண்ட தலைகளும் உடல்களும் அங்கே உண்டு. ஆனால் அவை பகைவருடையவை. பெய்லி சிறையிலேயே 1782-இல் இறந்தார்.

அச்சுவரின் பிற்கால வரலாறும் சுவையானது. ஒருமுறை வெள்ளையடித்து மறைக்கப்பட்டது. மறுமுறை மீண்டும் தீட்டப்பட்டது. திப்புவை வீழ்த்திய ஆங்கிலேயரே, தங்கள் தோல்வியைக் காட்டும் அந்த ஓவியத்தைப் புதுப்பிக்க ஆணையிட்டனர். டல்ஹௌசி பிரபு காலத்திலும் அது செப்பனிடப்பட்டது. பகையை முற்றிலும் வென்ற பின்னர் பகைவனின் பெருமையைக் காப்பதும் வென்றவனுக்கு ஓர் அணிகலனாகிவிடுகிறது போலும். அப்போரைக் காட்டும் தாள் ஓவியம் ஒன்று 2022-இல் இலண்டனில் 6,30,000 பவுனுக்கு ஏலம் போயிற்று. பொள்ளிலூரின் வயல்களில் விழுந்த சிப்பாய்களில், இரு தரப்பிலும் பெரும்பாலோர் இந்நாட்டவரே. அவர்களுள் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்?

பாட்டில் வாழ்ந்தவர்கள்

நம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டையை அறியாதார் இலர். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் பிணைத்து எழுந்த இக்கோட்டையை 1597-இல் கண்ட இயேசு சபைத் துறவி பிமெந்தா, இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் மிகப் பெரியது என்றும், போர்த்துக்கல்லில் லிசுபன் நீங்கலாக வேறெந்த நகரமும் இதற்கு ஈடாகாது என்றும் வியந்தெழுதினார். சிவாஜி 1677-இல் இதனைக் கைப்பற்றினார். அவர் மகன் இராசாராமை இங்கே வளைத்து முகலாயர் இட்ட முற்றுகை 1698 வரை நீண்டது. பின்னர்ப் பிரெஞ்சுக்காரர் 1750-இலும், ஆங்கிலேயர் 1761-இலும் இதனைக் கைக்கொண்டனர். 2025-இல் மராத்தியர் கோட்டைகளின் வரிசையில் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் இது ஏற்கப்பட்டது.

இத்தனை முற்றுகைகளையும் பேரரசுகளையும் விடுத்து, மக்கள் தம் பாட்டில் வரைந்துகொண்டது ஒரே ஒரு நாளின் போரை. 1714-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள், ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் பெரும்படையை எதிர்த்து, சில நூறு குதிரை வீரருடன் களம் புகுந்து மடிந்தான் தேசிங்கு என்று நாம் அழைக்கும் தேஜ் சிங். பண்டேல இராசபுத்திரன், இருபத்திரண்டு வயது இளைஞன். செஞ்சியை அவன் ஆண்டது ஓராண்டு கூட இல்லை. வரலாற்று நூல்களில் சில பக்கங்களில் முடிந்துபோகும் தோல்வி அது. ஆனால் தேசிங்குராசன் கதைப்பாடலில் அவனுக்கு அழிவில்லை. தன் திருமணப் பந்தலை விட்டெழுந்து நண்பனுக்காகப் போருக்கு வந்து உயிர்நீத்த முசுலிம் தோழன் மோவுத்துக்காரன் அப்பாடலில் தேசிங்குக்கு நிகராக நிற்கிறான். குதிரையும் அங்கே ஒரு வீரனே. வட நாட்டிலிருந்து வந்த ஓர் இந்துத் தலைவனையும் அவனுடைய இசுலாமிய நண்பனையும் தமிழ் உழவர்கள் தம் பிள்ளைகளாகத் தத்தெடுத்துக்கொண்டனர். எதிரே நின்றவனும் இசுலாமியனே என்பதால் இப்போர் சமயப் போர் என்று கொள்ள ஒருவராலும் இயலாதபடி பாடல் அதனைக் காத்துவிட்டது.

மண்ணில் எழுந்தவர்கள்

கல், சுவர், பாட்டு ஆகிய மூன்றையும் சொல்லிவிட்டேன். நான்காவதைச் சொல்லிக் காட்ட இயலாது, காண வேண்டும். ஆகவே வைகாசியில் ஒரு நாள் பேரனை அழைத்துக்கொண்டு செஞ்சிச் சாலையில் உள்ள ஒரு சிற்றூருக்குச் சென்றேன். அங்கே திரௌபதி அம்மன் கோயிலில் படுகளம்.

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரம் திரௌபதி வழிபாட்டின் தாய்நிலம். செஞ்சியை அடுத்த மேலச்சேரிக் கோயிலை அவ்வழிபாட்டின் மூலக் கோயிலாக மரபு போற்றுகிறது. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-இல் வெளியிட்ட ஆய்வு நூலுக்குச் செஞ்சியிலிருந்து குருச்சேத்திரம் வரை என்னும் பொருள்பட உட்தலைப்பு இட்டதும் இதனாலேயே. திருவிழா நாள்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. வில்லிபாரதத்தைப் பிரசங்கியார் பாடிப் பொருள் சொல்ல, அன்று பகலில் கேட்டதை அன்றிரவே வேடமிட்டவர்கள் ஆடிக் காட்டுவர். கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடமும் புயகீர்த்தியும் மார்பதக்கமும் அணிந்து, இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து துரியோதனன் தன் வரவைப் பாடும்போது, உழவுத் தொழிலாளி ஒருவர் மறைந்து பேரரசன் ஒருவன் தோன்றுகிறான்.

"இதுவும் வேடம் போட்டு ஆடும் விளையாட்டுத்தான்" என்று பேரன் என் காதில் சொன்னான். மறுக்கவில்லை.

பதினெட்டாம் நாள் போர் மேடையில் நடைபெறுவதில்லை. ஊர்ப் பொதுவெளியில், களிமண்ணால், துரியோதனனின் உருவம் வானோக்கிப் படுத்த நிலையில் செய்யப்படுகிறது. சில ஊர்களில் முப்பது அடி நீளத்துக்கும் மேல் இருக்கும். முறுக்கிய மீசையும் விழித்த கண்களும் முடியும் அணியும் வண்ணத்தால் தீட்டப்படும். மண்ணையே தாளாகக் கொண்டு ஊரே கூடி வரையும் போர்க்காட்சி இது. விடியலில் தொடங்கி முற்பகலுக்குள் முடிந்துவிடும் இந்த ஓவியத்தின் ஆயுள் ஒரே பகல். பின்னர்ப் பீமன் வேடத்தினரும் துரியோதனன் வேடத்தினரும் கதையுடன் அந்த மண்ணுருவைச் சுற்றியும் அதன்மீது ஏறியும் போரிடுவர். இறுதியில் பீமன் தொடையில் அடிக்க, அங்கே புதைத்து வைத்த செந்நீர் பீறிடும். அச்செந்நீரால் திரௌபதி தன் விரித்த கூந்தலை முடிப்பாள். கூடியிருப்போர் குலவையிட்டு முழங்குவர்.

இத்துடன் முடிந்திருந்தால் இதுவும் வென்றவரின் படமே. ஆனால் முடிவதில்லை. சில ஊர்களில் காந்தாரி வருகிறாள். பெண் வேடமிட்ட கூத்தர் மண்ணுருவின் அருகில் அமர்ந்து ஒப்பாரி வைக்கிறார். நாங்கள் சென்ற ஊரிலும் அவ்வாறே நடந்தது. சற்று முன்னர்ப் பீமனுக்காகக் குலவையிட்ட பெண்களே இப்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டனர்.

பேரன் திகைத்துப் போனான். "துரியோதனன் கெட்டவன்தானே? அவனுக்காக ஏன் அழுகிறார்கள்?" என்று சற்று உரக்கவே கேட்டுவிட்டான்.

முன்னால் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் திரும்பினார். "பெத்தவளுக்கு எந்தப் புள்ள சாமி கெட்டவன்?" என்றார். மறுபடியும் களத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்து நடந்ததுதான் அவன் விளையாட்டுக்கு மிக நெருங்கியது. களத்தில் இறந்தவர்களாகக் கிடந்தோரை அம்மன் பெயரால் எழுப்பினர். மஞ்சள்நீர் தெளிக்கப்பட்டது, அவர்கள் எழுந்தனர். அவன் என்னை வெற்றியோடு பார்த்தான். "இங்கேயும் மறுபடி எழுகிறார்கள்!" என்றான். உண்மைதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. விளையாட்டில் வீழ்ந்தவன் பத்து விநாடியில் எழுகிறான். அவனுக்காக ஒருவரும் அழுவதில்லை. இங்கோ அழுத பின்னரே எழுப்புகிறார்கள். மாலையில் தீமிதி. மறுநாள் தருமர் பட்டாபிசேகம். மண்ணுருவிலிருந்து ஆளுக்கொரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு மக்கள் வீடு திரும்பினர். நெற்குதிரிலும் நிலத்திலும் அதனை இடுவார்களாம். பகைவனின் உடல் விளைச்சலுக்கு வித்தாகிறது.

திரும்பும் வழியில் அரவானின் கதையையும் அவனுக்குச் சொன்னேன். பாண்டவர் வெற்றிக்காகக் களப்பலியாகத் தன்னையே ஈந்தவன் அரவான். ஒன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே அவனுடைய பலி பேசப்படுகிறது. போர் முழுவதையும் காண வேண்டும் என்று அவன் கேட்டதாகவும், வெட்டுண்ட தலை பதினெட்டு நாள் போரையும் பார்த்ததாகவும் இவ்வட்டார மரபு கூறும். முன்பு விழுப்புரம் மாவட்டத்திலும், 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் உள்ள கூவாகத்தில் சித்திரைத் திங்களில் கூத்தாண்டவராகிய அவனுக்குத் திருநங்கையர் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளுடை பூண்டு கதறுகின்றனர். குடும்பத்தாலும் ஊராலும் ஒதுக்கப்பட்டவர்களே, போருக்கு முன்னரே மடிந்தவனுக்காக அழும் உரிமையை ஏற்றிருக்கிறார்கள். போரைப் பார்த்துக்கொண்டே இருப்பவன் தலை இழந்தவன், அழுபவரோ மனைவியானவர். இதனினும் கூரிய போர்ச் சித்திரத்தை யார் வரைந்துவிட முடியும்?

விளையாட்டும் வினையும்

இவ்வளவும் சொல்வதால் இளைஞரின் கணினி விளையாட்டுகளைப் பழிக்க வந்தேன் என்று எண்ணிவிட வேண்டா. போரை விளையாட்டாக்குவது மிகப் பழைய வழக்கம். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நாற்படையே சதுரங்கமாயிற்று. பிரசியப் படையின் இளம் அலுவலர் ரைசுவிட்சு 1824-இல் நிலப்படத்தில் கட்டைகளை நகர்த்தியும் பகடை உருட்டியும் போர் பயிலும் முறையைத் தம் படையினருக்கு அளித்தார். அது பயிற்சிக்கானது. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்சு 1913-இல் பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் போருக்கு விதிகள் வகுத்து நூல் எழுதினார். பொம்மைப் போரை ஆடியவர் எவரும் உண்மைப் போர் எத்துணைப் பெரிய மடமை என்பதை உணர்வார் என்பதே அவர் கருத்து. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது.

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்சும் தேவ் ஆர்னெசனும் வெளியிட்ட விளையாட்டில் ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு வேடம் புனைந்தனர். மேடையின்றி, பேச்சாலும் பகடையாலும் ஒரு கதை நடந்தது. 1978-இல் இங்கிலாந்தின் எசெக்சு பல்கலைக்கழக மாணவர்கள் பலர் ஒரே வேளையில் ஆடும் கற்பனை உலகைக் கணினியில், வெறும் எழுத்தால், அமைத்தனர். இன்று என் பேரன் வரையும் போர்க்களம் அக்கொடியில் பூத்ததே.

ஆயினும் பறவைநாகமும் குன்றக் கோட்டையும் மாயவாளும் நிறைந்த இவ்வகைக் கற்பனைக்குப் பெருந்தூண்டுதலாக அமைந்தவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் என்பது பலரும் ஒப்புவது. ஆழ்ந்த கத்தோலிக்கரான அவர் 1916-இல் பிரான்சின் சோம் போர்முனையில் படை அலுவலராக நின்றவர். பதுங்குகுழிக் காய்ச்சலால் ஊர் திரும்பினார். 1918-க்குள் தம் நெருங்கிய தோழர்களுள் ஒருவர் தவிர ஏனையோரை இழந்தார். 1954, 1955 ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய பெருங்கதையில் ஒரு சதுப்பு நிலம் வருகிறது. பழம்போரில் மாண்டோரின் முகங்கள் நீருக்கடியில் தெரிகின்றன. நல்லோர், தீயோர் என்னும் வேறுபாடின்றிக் கிடக்கின்றன. அக்காட்சி சோம் போர்க்களத்துக்குக் கடன்பட்டது என அவரே பின்னாளில் குறிப்பிட்டார். அவரை வழிகாட்டியாகக் கொண்டு எழுந்த விளையாட்டுகள் கோட்டையையும் வாளையும் எடுத்துக்கொண்டன. நீருக்கடியில் கிடந்த முகங்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டன.

நம் தலைமுறை போரைத் திரையில் காணும் தலைமுறை. நெடுந்தொலைவில் நகரங்கள் எரிவதைக் கைப்பேசியில் கண்டு அடுத்த படத்துக்கு விரலைத் தள்ளிவிடுகிறோம். விளையாட்டின் படமும் செய்தியின் படமும் ஒரே கண்ணாடியில், ஒரே அளவில் தெரிகின்றன. நம் பிள்ளைகளுக்கு விளையாட்டைத் தடுப்பதைக் காட்டிலும், வீழ்ந்தவர்களைத் தேடும் கண்ணைத் தருவதே நம் கடமை என எனக்குத் தோன்றுகிறது. கல் நட்ட செங்கத்து ஊரார்க்கும், பகைவனுக்கு ஒப்பாரி வைக்கும் நம் கூத்தர்க்கும் அந்தக் கண் இருந்தது. அவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடம் காணாதவர்கள்.

விடுமுறை முடிந்து பேரன் விழுப்புரம் திரும்பினான். படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டே சென்றான். அதில் எதையும் மாற்றவில்லை. மாற்றும்படி நானும் சொல்லவில்லை. இரண்டு வாரங்கள் கழித்து ஓர் இரவு தொலைபேசியில் அழைத்தான். நலம் விசாரித்துவிட்டு, வேறு ஏதோ வரைந்துகொண்டிருப்பதாகச் சொன்னான். என்னவென்று சொல்லவில்லை. பிறகு கேட்டான்:

"தாத்தா, அந்தக் கல்லில் இருக்கிற நாயின் பெயர் என்ன சொன்னீர்கள்?"

"கோவிவன்" என்றேன்.

ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டான்.